குந்தாரப்பள்ளி சந்தையில் இரண்டு கேமரா

போன வருஷம் தை மாதம், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் நடந்தது இது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். செய்து வரும் உதிரிபாகம் ஒரு முடியளவு கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் விடாது. இன்றைய சாம்பாரில் நேற்றைவிட உப்பு கூடவா குறைவா என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவன் கையில் பழைய பிலிம் கேமரா கிடைத்தால் என்ன ஆகும்? ஒன்று போதாமல் இரண்டாயிற்று. ஒன்று ரஷ்யாவில் செய்தது, தூக்கினால் அம்மிக் குழவி கனம். அதன் லென்ஸுக்குள் ஆறு கண்ணாடிகள். இன்னொன்று ஜப்பானில் செய்தது, கைக்கு அடக்கம். அதற்கு நான் தேடிப் பிடித்து மாட்டியிருந்த லென்ஸில் நாலே கண்ணாடிகள். இரண்டிலும் எதுவும் தானாக நடக்காது. வெளிச்சம், தூரம், வேகம் எல்லாவற்றையும் நாமே கணக்குப் போட்டுத் திருகி வைக்க வேண்டும். நாலு கண்ணாடி லென்ஸ்தான் கத்தி மாதிரி துல்லியமாக எடுக்கும் என்பது என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் கட்சி. ஆறு கண்ணாடியில் பின்னணி கரைந்து சுழன்று போய், முகம் மட்டும் எழுந்து நிற்கும், அதுதான் அழகு என்பது என் கட்சி. கேன்டீனில் ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டும் வரை ஓயமாட்டோம். கடைசியில் அவன், "வாயால பேசாத, எடுத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டான்.

அதோடு என் நிம்மதி போயிற்று. ஒரே பொருள், ஒரே வெளிச்சம், ஒரே தூரம். முதலில் ஒரு கேமரா, உடனே அடுத்தது. மூன்று வாரமாக விடுமுறை நாளெல்லாம் இதே வேலை. எங்கள் தெருவின் செங்கல் சுவரை எடுத்தேன். பர்கூர்ப் பக்கம் போய் வெட்டி அடுக்கிய கிரானைட் பாறைகளை எடுத்தேன். முப்பத்தாறு படச் சுருளில் இரண்டிலும் ஆறு ஆறு படம்தான் மிச்சம். ரோமம் உள்ள ஏதாவது ஒன்றை எடுத்தால் பரிசோதனை முடிந்துவிடும். முடி முடியாகப் பிரிந்து தெரிகிறதா என்று பார்த்தால் லென்ஸின் சாயம் வெளுத்துவிடும். மாட்டை விட்டால் வேறு எது அதற்குத் தோது?

அன்று இரவு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குக் கூடப் போகவில்லை. கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு பைக்கை நேராகக் குந்தாரப்பள்ளிக்கு விட்டேன். தூங்காத கண் எரிந்தது. வெயில் ஏறிவிட்டால் நிழல் கறுத்துவிடுமே என்று அது வேறு பதைபதைப்பு.

சந்தையில் வேப்பமரத்தடியில் ஒரு அக்கா மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கலப்பின மாடு. கறுப்பும் வெள்ளையுமாக நல்ல பளபளப்பு, கண்ணில் இவ்வளவு நீள இமை. இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "ஒரு போட்டோ எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "எடுத்துக்கங்க சார்" என்றார். எதற்கென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு போட்டோ என்று கேட்டவன் செய்ததைக் கேளுங்கள். முக்காலியை விரித்து நிறுத்தினேன். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து மாட்டின் கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். பிலிமில் எந்த விவரமும் பதிவாகாது என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது, ஷட்டர் வேகம் எவ்வளவு என்று நோட்டில் எழுதினேன். "கொஞ்சம் வெயில் பக்கமா திருப்புங்கக்கா", "கன்னுக்குட்டி குறுக்க வருது, அந்தப் பக்கம் கட்டுங்க" என்று அவரைப் பாடாய்ப் படுத்தினேன். மேகம் மறைத்தால் விலகும் வரை நிற்கச் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்தார். நடுநடுவே சாலைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். அது ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொன்றிலும் ஐந்தாவது படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தரகர் வந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அந்த அக்காவிடம், "யம்மா, உன் ஆளு போயிட்டான். இங்க செக்கிங் நடக்குது, மாட்ட ஏத்துனா புடிச்சுக்குவாங்கன்னு பயந்துகினு வண்டியத் திருப்பிட்டான்" என்றார்.

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எந்த ஆபீசு?"

"ஆபீஸ் எல்லாம் இல்லக்கா. ரெண்டு கேமராவுல எது நல்லா எடுக்குதுன்னு சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

"சும்மாவா?" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையோடு கயிற்றைப் பிடித்தபடி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவரே சொன்னார். போச்சம்பள்ளிப் பக்கம் ஊர். அங்கே தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். "காலையில இருந்து ஆறு பேரு கேட்டாங்க சார். அறுப்புக்குத்தான் போவும்னு குடுக்கல. கர்நாடகாக்காரரு ஒருத்தருதான் பாலுக்குன்னு கேட்டாரு. அவரு வீட்ல ஏற்கெனவே நாலு மாடு நிக்குதாம். வண்டி எடுத்தாரேன்னு போனாரு. ஒரு மணிக்கு எனக்கு கம்பெனி பஸ்ஸு. இன்னொரு லீவு குடுக்க மாட்டாங்க."

மணி பத்தே முக்கால். இரண்டு கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முக்காலியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய் பைக்கை எடுத்தேன். எல்லையைத் தாண்டிவிட்டால் எங்கே போய்த் தேடுவது? நல்ல வேளை, நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடை முன்னால் கர்நாடகா நம்பரில் ஒரு சின்ன சரக்கு வண்டி நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் டீயைக் குடித்து முடித்து ஏறப்போனார்.

எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தையும் தமிழையும் கலந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஆபீசர் இல்லை, யாருக்கும் எதையும் எழுதி அனுப்பவில்லை, இது வெறும் பொழுதுபோக்கு என்றேன். அவர் நம்பவில்லை. "போட்டோ தோர்ஸி" என்று கையை நீட்டினார். எடுத்ததைக் காட்டு என்கிறார். எப்படிக் காட்டுவேன்? கேமராவின் பின்பக்கத்தில் திரையா இருக்கிறது? இது பிலிம், கழுவினால்தான் படம் வரும் என்றேன். இந்தக் காலத்தில் படம் தெரியாத கேமரா ஒன்று இருக்கிறதென்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் முகத்தில் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. "ஆகட்டும், அழிச்சுடு. நான் வர்றேன்" என்றார்.

அழிக்க ஒரே வழிதான். பின்மூடியைத் திறந்து பிலிமில் வெயில் படவிட வேண்டும். மூன்று வாரத்து உழைப்பு அதோடு போகும்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ரஷ்ய கேமராவை எடுத்து, மேலே இருக்கும் குமிழை மெதுவாகத் திருகினேன். அப்படிச் சுற்றினால் பிலிம் முழுவதும் தன் டப்பிக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு மூடியைத் திறந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. சுற்றி முடித்து, மூடியைத் திறந்து டப்பியைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, வெறும் கேமராவை நீட்டி, "பாருங்க, ஒண்ணுமில்ல" என்று காட்டினேன்.

அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. என் மூடிய கையைப் பார்த்தார். "அதுக்குள்ள என்ன?" என்றார்.

வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் மாட்டை நல்ல வீட்டில் விடுவதற்காக மரத்தடியில் குந்தியிருக்கிறார். நான் இங்கே ஒரு செங்கல் சுவரின் படத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். டப்பியின் மூடியைப் பிய்த்துப் பிலிமை இழுத்தேன். நாடா மாதிரி வெளியே வந்துகொண்டே இருந்தது. அடுத்த கேமராவை அப்படியே திறந்து அதையும் உருவிப்போட்டேன். அவர் அந்தச் சுருளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "வா, வண்டில ஏறு" என்றார். பைக்கை டீக்கடையிலேயே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வியாபாரம் காலையில் பேசியபடியே முடிந்தது. விற்றாலும் கயிற்றைக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. அந்த அக்கா தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார், வாங்கியவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டினார். மாட்டை வண்டியில் ஏற்றப் போகும் நேரத்தில் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். அதுவரை சார் என்றவர், அப்போது, "தம்பி, அவ்ளோ படம் எடுத்தியே. அதுல எனக்கு ஒண்ணு குடுப்பியா?" என்றார்.

கழுத்தில் இரண்டு கேமரா தொங்குகிறது. இரண்டும் காலி. "எல்லாம் போயிடுச்சுக்கா" என்றேன். அவர் கண்ணாடி கீறல் விட்டிருந்த தன் செல்போனை நீட்டினார். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கன்று குறுக்கே வந்தது. இந்தத் தடவை அதை நான் விலக்கவில்லை. தூரம் அளக்கவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குது" என்றார். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று மட்டும் நண்பனிடம் சொன்னேன். எப்படிப் பட்டது என்பது இதைப் படித்துத்தான் அவனுக்குத் தெரியப்போகிறது. நாலு கண்ணாடியா ஆறு கண்ணாடியா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் படம் தீர்ந்து பிலிமைச் சுற்றுவதற்காகக் குமிழில் விரல் வைக்கும்போதெல்லாம் "அதுக்குள்ள என்ன?" என்று அந்த மனிதர் கேட்பது காதில் விழுகிறது, மூடியிருக்கும் என் கையை நானே ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.