அவள் வறுத்த கொட்டமுத்து

எங்கேயாவது எதையாவது வறுக்கிற வாடை வந்தால் எழுந்து வெளியே நடந்துவிடுகிறேன். காப்பிக்கடையானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. நாற்பதைத் தாண்டியும் இந்தக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ரப்பர் விலை விழுந்திருந்த வருஷம். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைக்குப் பக்கத்து ரயில்வே லயத்து வரிசை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவளுக்கு எட்டாம் மாசம். முன்பு தரித்ததெல்லாம் கலைந்துபோயிருந்தது. இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று அவள் நம்பத் தொடங்கியது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? விளக்கெண்ணெய் காய்ச்ச வேண்டும் என்றாள்.

"கடை எண்ணெய் சிக்கு வாடை. எம்பிள்ளை உச்சியில அதை வைக்க மாட்டேன்."

கிள்ளானில் அவள் அண்ணன் வீட்டு வேலியோரம் ஆமணக்கு காய்த்துக் கிடந்தது. ரயிலேறிப் போய், அந்தக் கொட்டமுத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். மழையும் ரயிலோடு கூடவே ஓடி வந்தது. முத்தெல்லாம் நமத்துவிட்டது. நல்ல வெயிலில் காயவேண்டிய சாமான். இங்கோ மத்தியானமானால் வானம் உடைந்துவிடும். சூளைச் சுவரோரம் சாக்கு விரித்து அந்தச் சூட்டில் உலர்த்தினாள். சூளைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பாதி முத்தைச் சட்டியில் போட்டாள். கருகினால் பிள்ளைக்கு வாடை ஏறுமே என்ற பயம். தோல் சூடேறுமுன்பே இறக்கிவிட்டாள். இடித்து, தண்ணீரில் கரைத்து, கொதிக்கவைத்தாள். பானை முழுக்க வெள்ளைக் கூழும் நுரையும்தான். எண்ணெய் பிரியவேயில்லை.

அடுத்த வீட்டுத் தோழி, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கஞ்சித்தொட்டி திறந்திருக்கியா?"

"எண்ணெய் வரலடி. யார் கண்ணு பட்டுச்சோ."

"கண்ணுமில்ல, காதுமில்ல. முத்தை வறுத்தியா, இல்ல தீயைச் சும்மா காட்டிட்டு எடுத்தியா? சூடு உள்ள போனாத்தானே எண்ணெய் வெளிய வரும்!" என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கொட்டமுத்துக்கே இவ்வளவு செல்லம்னா, பிள்ளை பொறந்தா தரையில விடுவாளா இவ?"

மிச்சப் பாதியை என் மனைவி முகம் திருப்பிக்கொண்டே வறுத்தாள். தோல் வெடித்தது, புகை கண்ணைக் கரித்தது. இந்தத் தடவை பானையில் முதலில் ஒரு பொட்டு மிதந்தது. பிறகு பொட்டும் பொட்டும் சேர்ந்து பொன்னாகப் படர்ந்தன. நான் கரண்டியை எடுக்கப் போனேன்.

"இருங்க. அடங்கட்டும்" என்று கையைப் பிடித்தாள்.

அடங்கியபின் மொண்டு, மறுபடி அடுப்பேற்றி, ஈரத்தின் சடசடப்பு ஓயும்வரை காய்ச்சினாள். ஒரு சின்னப் புட்டி தேறியது. மோந்து பார்த்தாள்.

"கருகல் வாடை இருக்குல்ல?"

"உம்மவன் வந்து சொல்லட்டும்" என்றேன்.

பிறந்தது மகன்தான். தலை நிறைய முடி. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தாள். அவன் அழவேயில்லை.

காலையில் லயத்து ஆண்கள் வெள்ளைத் துணியோடு வாசலில் நின்றார்கள். குளிப்பாட்டித் தரச் சொன்னார்கள். அவள் புட்டியைக் கேட்டாள். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி உச்சியில் வைத்தாள். காதுமடல், கைமடிப்பு, கால்விரல் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் பிள்ளைக்குக் கை நீட்டினேன்.

"இருங்க" என்றாள், நிமிராமலே. "கொஞ்சம் ஊறட்டும்."

வாசலுக்குப் போய், இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று சொன்னேன்.