மைனஸ் ஒன்று என்றால் 'தெரியாது'

சேகருக்கு வேலை போனது என் தப்பால். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இந்த வாரம் வேறு எதையும் எழுத மனசு வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. மெஷின்கள் ஓடுவதைப் பதிவு செய்ய, சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அது ஓட வேண்டும். அதனால் முதலில் கம்ப்யூட்டரிடமே கேட்கும் — உன்னிடம் மெமரி எவ்வளவு? பதிலுக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளும்.

சில சிஸ்டங்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. அவை 'மைனஸ் ஒன்று' என்று சொல்லும். தெரியாது என்று அர்த்தம். நாகரிகமான பதில், இல்லையா? நான்தான் கவனிக்கவில்லை. புரோகிராமுக்குள் மைனஸுக்கு இடமே இல்லாத எண் பெட்டியில் அதைப் போட்டுவிட்டேன். அங்கே அது மலையளவு எண்ணாக மாறிவிடும்!

சேகர் ஹார்டுவேர் ஆள். அந்த மாதிரி சிஸ்டம் உள்ள புதுக் கம்ப்யூட்டரை அவர் மாட்டிய அன்றே, என் புரோகிராம் மெமரியை மொத்தமாக விழுங்கியது. பதிவெல்லாம் போச்சு. "ராம் மெமரியை ஒழுங்கா மாட்டலை" என்று மேனேஜர் சேகர் மீது பாய்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க புரோகிராம்ல ஏதாவது...?"

எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. "தெரியலை சார்" என்றேன்.

கம்ப்யூட்டர் சொன்ன 'தெரியாது' நிஜம். நான் சொன்னது?

சேகர் இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறார் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன். ஞாயிறு காலை ரயிலேறிப் போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

சேகர் சிரித்தார். "என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? உள்ள எங்க ஊட்டுக்காரி கீது. அதாண்ட சொல்லு. நான் மாட்னா வெடிச்சிடுமாம்! இன்னிய வரைக்கும் ஒரு பல்பைத் தொட உடல."

"நீ தொட்டது எதுனா வெளங்கிச்சா?" என்று கேட்டபடியே வந்தார் அந்த அம்மா.

அவரிடமும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?"

'தெரியலை' என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "பயம்மா. என் வேலை போயிடுமேன்னு."

அவர் உள்ளே போய், ஓடாமல் கிடந்த மிக்ஸியைத் தூக்கி வந்து கணவர் முன்னால் வைத்தார். "இன்னா ஆச்சுன்னு பாரு."

சேகர் ஸ்குரூடிரைவரைத் தேடி எழுந்தார். என்னைக் காபி சாப்பிடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

மிக்ஸி ஓடியதா என்கிறீர்களா? தெரியாது... இந்தத் தடவை நிஜமாகவே.