நெட்டையின் ஹெல்மெட்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'தொப்பிக்காரர்' என்று பெயர். ராணுவ விமானத்தளத்தில் இருபத்தாறு வருடம் தீயணைத்த மனுஷரை இப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமாவுக்கு வராது. "கூப்பிட்டுட்டுப் போகட்டும் மாப்ள, காசா பணமா" என்பார்.

அக்காவின் பீரோ சமையலறைக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகிறது. படுக்கையறை முழுக்க மாமா சேர்த்த பழைய தீயணைப்புச் சாமான்கள்: நாற்பத்தொரு ஹெல்மெட், வெள்ளிப்பூச்சு உரிந்த கோட்டுகள், பித்தளைக் குழாய் முனைகள், பிடி உடைந்த கோடாலி. தளத்தில் கழித்துப் போட்டதையெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பொறுக்கியது. துடைக்க மட்டும் விடமாட்டார். "கரியைத் தொடாத. எந்த மாதிரி நெருப்புன்னு அதுதான் சொல்லும்" என்பார். "அப்போ என் அடுப்படிச் சுவரையும் வந்து படிங்க" என்பாள் அக்கா.

நாற்பது ஹெல்மெட் ஆசைக்குச் சேர்த்தது. மிச்சம் ஒன்று நெட்டையுடையது.

நெட்டை மாமாவோடு ஒரே வண்டியில் வேலை பார்த்தவர். ஓடுதளத்தில் எரிந்த விமானத்துக்குள் விமானியை இழுக்கப் போனார். விமானி பிழைத்தார், நெட்டை பிழைக்கவில்லை. விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? 'ஹெல்மெட் அணியாமல் நுழைந்ததே மரணத்துக்குக் காரணம்.' செத்தவர் மேலேயே பழி! அதனால் தளத்து வாசலில் இருக்கும் நினைவுக்கல்லில் அவர் பெயர் கிடையாது. அவர் மனைவி பதினேழு வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு இரும்புக் கடை மூட்டையில் மாமாவுக்கு அந்த ஹெல்மெட் கிடைத்தது. உள்ளே தோல்பட்டையில் நெட்டையின் கையெழுத்தில் பெயரும் ரத்த வகையும். தாடைப்பட்டையின் கொக்கி மாட்டியபடி இருந்தது. முகக்கண்ணாடி கீழே இறக்கியபடியே உருகி ஒட்டியிருந்தது. தலையில் போடாத ஹெல்மெட்டுக்கு யார் கொக்கி மாட்டுவார்கள்? மாமா எழுதாத கடிதமில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

இந்த வருடம் தளத்தின் ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு மாமாவின் சாமான்களைக் கேட்டார்கள். "நெட்டை விஷயத்தையும் கமிட்டி நேர்லயே பார்க்கும் சார்" என்றார் அதிகாரி. அந்த ஒரு வார்த்தைக்காக மாமா எல்லாவற்றையும் கொடுத்தார்.

விழாவுக்கு நெட்டையின் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனோம். மேஜை மேல் நாற்பத்தொரு ஹெல்மெட்டும் ஒரே சிவப்பில் பளபளத்தன. நெட்டையுடையதில் புதுக் கண்ணாடி, புதுப் பட்டை.

"ஒரே அழுக்கா இருந்துச்சு சார். பெரிய மனுஷங்க வர்ற இடம், பெயின்ட் அடிச்சுட்டோம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் அதிகாரி.

"பழைய கண்ணாடி, பட்டையெல்லாம் எங்க?" என்று கேட்டார் மாமா.

"உருகிப்போனதை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? தூக்கிப் போட்டாச்சு."

நெட்டையின் மனைவி அந்த ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு ஒட்டிக்கொண்டது. பெயின்ட் காயக்கூட இல்லை.

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். மாமா கத்தவில்லை. வீட்டுக்கு வந்து மேலிடத்துக்குப் பதினொரு பக்கம் எழுதினார். ஒரு நகல் பத்திரிகைக்கு. ஆறு வருடம் அசையாதவர்கள் பத்திரிகை என்றதும் பதறிப்போய்ப் பத்தே நாளில் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். 'விபத்தின்போது மறைந்த வீரர் அணிந்திருந்த ஹெல்மெட்டுக்குத் தவறுதலாக வர்ணம் பூசியதற்கு வருந்துகிறோம்.'

அணிந்திருந்த! எங்கள் வாயை அடைக்கிற அவசரத்தில் உண்மையை அவர்களே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுவிட்டார்கள். மாமா அதை இரண்டு தடவை படித்தார். உடனே கொண்டுபோய் நெட்டையின் மனைவி கையில் கொடுத்தார். அதன் நகலை இணைத்து, கல்லில் பெயரைப் பொறிக்கச் சொல்லி அந்த அம்மா மனுப் போட்டார்.

நான்காம் நாள் அதே அதிகாரி அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மாமாவும் நானும் அங்கே இருந்தோம்.

"அந்தக் கடிதத்துல ஒரு வார்த்தை தப்பா விழுந்துடுச்சும்மா. குடுத்தீங்கன்னா திருத்தி வேற தர்றோம்" என்றார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு.

"உங்க அறிக்கையில ஒரு வார்த்தை தப்புன்னு பதினேழு வருஷமா சொல்றேன். திருத்த ஒரு ஆள் வரல. இதுக்கு மட்டும் வீடு தேடி வந்துட்டீங்களே" என்றார் நெட்டையின் மனைவி. "எழுந்திருங்க. கல்லுல பேரை வெட்டிட்டு வந்து கேளுங்க."