மரத்துப்போன வலது கால்

ஓடீல் மெலான்சோன் ஜென்னிங்ஸ் என்ற சிற்றூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது அவள் சமைப்பது ஒரே ஒருவருக்காக. உருளைக்கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் போக, அதை இரண்டு தடவை வேகவைத்து, இரண்டு தடவையும் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். புருஷன் குளோவிஸுக்குச் சர்க்கரை வியாதி முற்றி, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவரோ குடலில் அடைத்த பன்றிக்கறிச் சோற்றைத் தின்று வளர்ந்த மனிதர். அவளுக்குத் தெரியாமல் பெட்ரோல் பங்க்கில் அதை வாங்கித் தின்றுவிட்டு, "சாகுறதுன்னா வாய் ருசியோட சாகுறேன்" என்பார்.

"சாவு. சட்டையில எண்ணெய் வடியாம சாவு. துவைக்கிறது நானு" என்பாள் ஓடீல்.

குளோவிஸ் அரிசி மில்லுக்கு லாரி ஓட்டியவர். மழையில் எப்படி வண்டி ஓட்டுவது என்று அவரிடம் பாடம் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. ஓடீல் கடைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் ஓட்டுவாள். நெடுஞ்சாலை என்றால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள்.

போன குளிர்காலத்தில் அவருடைய காலுறையைக் கழற்றியபோது அது ரத்தத்தில் ஒட்டியிருந்தது. வலது உள்ளங்காலில் ஒரு ஆணி. காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவேயில்லை. சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியையும் தின்றுவிட்டிருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். "லைசன்ஸைப் புடுங்கிடுவானுங்க. அப்புறம் டயாலிசிஸுக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா? நீயா?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குள் பிரேக் போடும்போது அவர் குனிந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதை மட்டும் கவனித்தாள். நெடுஞ்சாலையில் அந்தத் தொல்லை இல்லை. க்ரூஸ் பொத்தானை அமுக்கிவிட்டால் வைத்த வேகத்தில் வண்டி தானாகவே போகும், காலுக்கு வேலை இல்லை.

ஆகஸ்டில் புயல் வந்தது. எங்கள் ஊர் டயாலிசிஸ் மையத்தில் மின்சாரம் போய், குளோவிஸுக்கு இரண்டு முறை தவறிப்போனது. முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். லஃபாயெட்டில் ஒரு மையம் திறந்திருந்தது. இரண்டு மணிக்குள் வந்தால் மெஷினோடு ஒரு நாற்காலி உண்டு, தாண்டினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். ஆம்புலன்ஸ் எல்லாம் விழுந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. நான் டெக்ஸஸில் மகள் வீட்டில் இருந்தேன். பிறகு நடந்ததெல்லாம் ஓடீல் என்னிடம் சொன்னது.

நெடுஞ்சாலையில் ஏறியதுமே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. லாரிகள் ஓடியோடிப் பள்ளமான தடங்களில் தண்ணீர் வாய்க்கால்போல நின்றது. குளோவிஸ் அறுபது மைல் வேகத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

"அதை எடு, குளோவிஸ்."

"எடுத்துட்டு எந்தக் காலால மிதிக்க?"

"மழையில க்ரூஸ் போடாதேன்னு தெருவுல இருக்கிறவனுக்கெல்லாம் சொன்னது யாரு?"

"அவனுங்களுக்குக் கால் இருக்கு."

வெளியேறும் வழி இல்லாத ஒரு நீண்ட வளைவு அது. திடீரென்று டயரின் இரைச்சல் நின்றுபோனது. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, வண்டி மிதந்துகொண்டிருந்தது. வேகம் குறைவதாக நினைத்த பொத்தான் தன் பாட்டுக்கு இன்னும் வேகம் கொடுத்தது. இன்ஜின் அலறியது. பிரேக் போடக்கூடாது என்று குளோவிஸுக்கு அந்த ஊரிலேயே எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் தானாக இறங்கிவிட்டது. எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்ல அந்தக் காலுக்கு வாய் இல்லை. முழு எடையோடு பிரேக்கில் உட்கார்ந்தது.

வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி, ஓரத்துப் புல்லில் போய் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி தாண்டிப் போனது.



"பிரேக் போட்டுட்டேன்" என்றார் குளோவிஸ். கியரை மாற்றக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே விழுந்தது.

ஓடீல் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். மழையில் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளு."

"உனக்கு ஹைவே தெரியாது."

"உனக்குக் கால் தெரியல. தள்ளு, மனுசா."

பழைய வண்டி, முன்னால் ஒரே நீள இருக்கை. மூட்டையைத் தள்ளுவதுபோல அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அறிவு அவரிடம் இருந்தது, கால் அவளிடம்.

"முன்னால லாரி போன தடத்துலயே போ. அவன் தண்ணியை ஒதுக்கிட்டுப் போயிருப்பான். ஒட்டிக்கிட்டுப் போகாத, தள்ளியே போ" என்றார். "நாப்பதைத் தாண்டாத. மெதந்துச்சுன்னா பெடல்லேர்ந்து காலை எடு. ஸ்டியரிங்கை நேராப் புடி. வேற ஒண்ணும் செய்யாத."

"ஒண்ணும் செய்யாமன்னா?"

"ஒண்ணும் செய்யாம."

ஒருமுறை மிதந்தது. கையில் ஸ்டியரிங் காற்றுப்போல ஆகிவிட்டது. காலை எடுத்துவிட்டு அவள் சும்மா இருந்தாள். தன் வாழ்நாளில் அப்படிச் சும்மா இருந்ததே இல்லை என்றாள் என்னிடம். ஒரு பெருமூச்சு விடும் நேரம். பிறகு டயர் மறுபடி இரைந்தது.

அவர் பேச்சு குழறத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் மிதி, ஓடீல்."

"மாட்டேன்."

"நாற்காலி போயிரும்."

"போகட்டும்."

"நான் போயிருவேன்."

வேகமாகப் போனால் சாலை கைவிடும், மெதுவாகப் போனால் இவர் போய்விடுவார். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதா என்று யோசித்தாள், இல்லை. நாற்பதிலேயே போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், கையால் ஏதோ காட்டினார்கள். பக்கத்தில் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. அவ்வப்போது "குளோவிஸ்" என்று கூப்பிட்டாள். முதலில் "ம்" வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. நிறுத்திப் பார்க்கவும் முடியாது. நிறுத்தினால் அந்த நேரமும் போகும். இறுத்து இறுத்து இவ்வளவு நாள் காப்பாற்றியதை இந்தத் தண்ணீரில் கொட்டப் போகிறோம் என்று தோன்றியது அவளுக்கு.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டிருந்தது. நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நர்ஸ் குளோவிஸின் முகத்தைப் பார்த்ததுமே எதுவும் கேட்காமல் சக்கர நாற்காலியை இழுத்து, எதிரே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்ததாம். ஊசி போட்டு, அங்கேயே மெஷினில் மாட்டினார்கள்.

சாயங்காலம் அவர் கண் திறந்தார். டாக்டரம்மா அட்டையோடு வந்து, "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டாள். குளோவிஸ் இல்லை என்று தலையாட்டினார்.

"இருக்கு" என்றாள் ஓடீல். "வலது காலைப் பாருங்க. கணுக்காலுக்குக் கீழ அவருக்கு ஒண்ணுமே தெரியாது. இத்தனை நாளா அதை வச்சுத்தான் வண்டி ஓட்டிட்டு வந்தாரு. எனக்கும் தெரியும்."

டாக்டரம்மா குறித்துக்கொண்டாள். குளோவிஸ் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லைசன்ஸ் போய்விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓடீல்தான் ஓட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் இரண்டு தடவை குளியலறைக்குப் போய்விட்டு வருகிறாள். குளோவிஸ் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. வெயில் நாளில் வண்டியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை பிடித்தால் மட்டும், முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "மெதுவா" என்பார்.

அவள் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்பாள்.