கோயில் என்று கும்பிட்ட படம்

போன வாரம் என் மகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, பழைய வூட்ல இருந்துச்சின்னு சொல்வியே, அதானா பாரு" என்றாள். அதே படம்தான். உருண்டைக் கூரை, பச்சைப் புல்வெளி, குடை பிடித்த இரண்டு வெள்ளைக்காரிகள். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வானாய்வுக்கூடமாம். பழைய அச்சுப்படம், விற்பனைக்கு வந்திருக்கிறது. வரைந்தவர் ஒருவர், அதை மரத்தில் செதுக்கியவர் ஒருவர், வண்ணம் பூசியவர் ஒருவர் என்று கீழே விவரம் வேறு. எனக்கென்னவோ மெழுகுவர்த்தி அணைந்த புகை வாசனைதான் வந்தது.

எங்கள் வீடு வில்லியனூருக்குப் பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த பெரியப்பா கொண்டுவந்த படம் அது. உச்சியில் உருண்டையாக இருந்தால் கோயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். சிலுவையைக் காணோமே என்று யாரோ கேட்டதற்கு, பின்பக்கம் இருக்கும் என்று வாயை அடைத்தாள். அடியில் இருந்த மூன்று பெயர்களும் உபயதாரர்கள் என்று முடிவுகட்டியவளும் அவள்தான். எங்கள் பங்குக் கோயிலில் பெஞ்சு முதல் ஃபேன் வரை உபயம் எழுதாத பொருள் கிடையாது; வேறெப்படி நினைப்பாள்? எனக்கு அப்போது ஏபிசிடி தெரியும், அவ்வளவுதான். அந்தப் பெரிய படிப்பை வைத்துக்கொண்டு மூன்று பெயரையும் வாய்க்கு வந்தபடி படித்துக் காட்டினேன். செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளில், கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் அந்த மூவருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பாவம், அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்பாள்.

என் தங்கை ஸ்டெல்லாவுக்கு ஒரு மழைக்காலத்தில் முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன. கிட்னி என்றார்கள். வில்லியனூர் மாதாவிடம் ஊரே கேட்கிறது, இந்தக் கோயிலில் கேட்க நம் பக்கத்திலிருந்து ஆளே இல்லை, நம் மனு சீக்கிரம் எடுபடும் என்று அம்மா அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டாள். விரதமாக அவளுக்கு ஒருவேளைச் சோறுதான். பிள்ளை எழுந்தால் எப்படியாவது அங்கே கூட்டிப்போய் மொட்டை போடுவதாக வேண்டுதல்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயோடு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். பூசி முடித்ததும், அந்தக் கோயிலை நினைத்தும் ஒரு செபம் சொல்லுங்கள் என்று அம்மா படத்தைக் காட்டினாள். அவர் கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், மனுஷனுக்குத் தெரியவில்லை.

"இது கோயில் இல்லம்மா. நட்சத்திரம் பாக்குற எடம்."

அம்மா படத்துக்குக் கிட்டே போய் நின்றாள். பிறகு, "அப்ப நான் இத்தினி நாளா யாருகிட்ட சாமி கேட்டேன்?" என்றாள்.

எங்கிருந்து கேட்டாலும் ஆண்டவருக்குக் கேட்கும் என்று அவர் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா போய்விட்டாள். டாக்டர்கள் முன்பே சொன்னதுதான். ஆனால் இடம் மாறிக் கேட்டதால்தான் பிள்ளை போச்சு என்பதில் அம்மா கடைசிவரை மாறவில்லை. அந்தச் சாமியார் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நியாயமில்லை என்று தெரியும், ஆனாலும் உண்டு. அம்மா படத்தைக் கழற்றி, கரும்புச் சருகோடு போட்டுக் கொளுத்தினாள். அந்த வருஷம் கல்லறையில் ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் மெழுகுவர்த்தி.

அதற்குப் பிறகு எந்தச் சுரூபத்தையும், எந்தச் சாமி படத்தையும் அவள் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வில்லியனூர் மாதா முன்னால்கூட, முழங்கால் போடுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"யாருடா இது? நல்லா பாத்து சொல்லு."

மாதாதான் என்பேன். அப்புறமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது கொல்லையெல்லாம் மனையாகிவிட்டது. வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. கையைப் பிடித்துக் கேட்க ஆளில்லாமல் போனதிலிருந்து நான் கோயிலுக்குள் போவதில்லை, வாசலோடு திரும்பிவிடுகிறேன்.