கும்பாபிஷேகத்துக்கு வந்த பருந்து

இரண்டாயிரங்களின் நடுவில், லண்டனில் எனக்குப் பருந்து பறக்கவிடுகிற உத்தியோகம். பழக்கிய பருந்தைக் கூரைக்கு மேலே ஒரு சுற்று விட்டால் போதும், எச்சமிடும் புறாக்கள் பயத்தில் இடத்தைக் காலிசெய்துவிடும். குரோய்டனில் விசாவுக்காக நான் கால்கடுக்க நின்ற தெருவிலேயே, பிறகு புறாக்களை வெளியேற்றப் போய் நின்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட சந்தோஷம்தான்.

என் மனைவிக்கு இந்த வேலையைக் கண்ணில் காட்டக்கூடாது. "வாயில்லாச் சீவனைக் கலைச்சுக் காசு வாங்கிறது பாவமப்பா" என்பாள். பருந்துக்குப் போடும் செத்த கோழிக்குஞ்சுகளை ஃபிரிட்ஜில் வைத்த நாளிலிருந்து பேச்சு இன்னும் கடுமையானது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயிலில் கும்பாபிஷேகம். விமானம் முழுக்கப் புறா எச்சம். கோயில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, விடிய ஒருக்காப் பறக்கவிட்டிட்டு, சனம் வர முதல் கொண்டு போயிடும்."

என் முதலாளியான வெள்ளைக்காரர் வேறொன்று சொல்லி அனுப்பினார்: பருந்து திரும்பி வராவிட்டால் நீயும் வரவேண்டாம்.

பருந்து புறாக்களை ஒழுங்காகத்தான் துரத்தியது. பிறகு பக்கத்து டயர்க் கடைக் கூரையில் குந்திக்கொண்டு, விசிலுக்கும் அசையவில்லை, குஞ்சுக்கும் அசையவில்லை. சனம் வந்துவிட்டது. குருக்கள் கும்பத்தைச் சரிக்க, தவில் முழங்க, மிரண்டு எழும்பிய பருந்து விமானத்தையே சுற்றத் தொடங்கியது. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டனில் அது வரும் என்றுதான் யாரும் நினைக்கவில்லை. போதாததற்கு, அதன் காலில் நான் கட்டிய மணி வேறு கிணுகிணுத்தது. சனம் கைகூப்பி "அரோகரா" என்றது. எல்லோரையும்விடப் பலமாகச் சொன்னவர் தலைவர்.

பருந்து உயர உயரப் போனது, கூடவே என் வேலையும். சந்நிதியில் நின்று செத்த குஞ்சைத் தூக்கிக் காட்டவா முடியும்? டயர்க் கடைக்குப் பின்னால் ஓடிப்போய், கையுறையில் குஞ்சை வைத்து உயர்த்தி விசிலடித்தேன். வரவில்லை. தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். பசி வந்திருக்க வேண்டும், கடைசியில் மணிச் சத்தம் கேட்டது. கையில் வந்து இறங்கிக் குஞ்சைப் பிய்த்துத் தின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனால் மனைவி இன்னும் பரவசத்தில் இருந்தாள்.

"கருடனைக் கண்ணாலை கண்டனப்பா. தலைக்கு மேலை வரேக்கை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்."

"என்ன கேட்டனீர்?"

"உங்கடை இந்தப் பருந்து வேலை போகவேணும் எண்டு."

கேட்ட இடம் பிழை என்று நான் அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.