ஒனேசிமோ அடித்த மணி

ஹசிந்தாவின் பங்குக்கு வந்த ஆறு மீட்டர் தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்தையும் சேர்த்தே தோண்டிக்கொண்டிருந்தார் ஒனேசிமோ. அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஞாயிற்றுக்கிழமை அது. புருஷன் வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போய் நாலு வருடம். பேர் குறிக்க வந்த ஊர்ச் செயலரிடம், "அந்தப் புள்ள விடியுமுன்னே வந்து முடிச்சுட்டுப் போயிருச்சு. நீங்கதான் தூங்கிட்டீங்க" என்றார். இந்தப் பொய்க்குப் பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார், நிச்சயம். அவளிடம் மூச்சுவிடவில்லை. மறுவாரம் செயலர் அவளைக் கெட்டிக்காரி என்று புகழ்ந்தபோதுதான் அவளுக்கே விஷயம் புரிந்தது.

வஹாக்கா மலையில் தெக்கியோ என்றால் ஊர்வேலை. வீட்டுக்கு ஓர் ஆள், கூலி கிடையாது. ஊர்ச் சபையில் கையைத் தூக்கி ஒருவரைத் தேர்ந்துவிட்டால், அவர் ஒரு வருடம் சம்பளமில்லாமல் பொறுப்பைச் சுமக்க வேண்டும். செங்கல் அறுக்கும் ஒனேசிமோவுக்கு அந்த வருடம் தண்ணீர்ப் பொறுப்பு. சபையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எதையும் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித்தான் அளப்பார். அளக்கும்போது இன்னொரு கை கால்சட்டையைப் பிடித்திருக்கும். பள்ளம் தோண்டப் பணம் கேட்டு மாநில அலுவலகத்துக்கு நாலு நடை போய் வந்து, "கஜானா காலியாம். அவங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. நாமளே தோண்டிப்புடலாம்" என்றார்.

ஊற்றிலிருந்து ஊர் வரை பள்ளம் வந்துவிட்டது. நடுவில் நாற்பது மீட்டர் பாறை மட்டும் மிச்சம். மழை இறங்கினால் சேறு சரிந்து எல்லாம் மூடிவிடும். ஆனால் ஊர் களைத்துப் போயிருந்தது. தொண்ணூறு வீட்டில் முப்பது பேர்கூட வருவதில்லை.

அடுத்த தெக்கியோ நாளில், மணியடிக்கும் கோயில்பிள்ளை ஊரில் இல்லை. ஒனேசிமோவே மணிக்கூண்டில் ஏறினார். தெக்கியோவுக்குச் சின்ன மணி, வேகமாக. சாவுக்குப் பெரிய மணி, மெதுவாக. சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை கயிற்றை மாற்றிப் பிடித்துவிட்டது. பெரிய மணி கனத்ததால் மெதுவாகவே ஆடியது.

சாவுக்கு வராமல் இருப்பவர் அந்த ஊரில் இல்லை. மெழுகுவர்த்தி, வெள்ளைப் பூ, துக்க வீட்டுக்குப் பீன்ஸ் என்று தொண்ணூறு வீடும் வந்து நின்றது. தெக்கியோ பக்கமே தலைவைக்காத கடைக்காரர் ருபெர்த்தோ, கறுப்புக் கோட்டோடு முதல் வரிசையில்.

"யாருய்யா போனது?"

ஒனேசிமோ தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்கினார். "யாரும் போகல. கயிறு மாறிப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

"கடைய அடைச்சுட்டு வந்தேன்யா! இப்பப் பொணத்துக்கு நான் எங்க போவேன்?"

"பாறை கெடக்குதுண்ணே, நாப்பது மீட்டர். அதத் தூக்கிரலாம்."

ஹசிந்தாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. பூவும் மெழுகுவர்த்தியும் மாதாவின் காலடிக்குப் போயின; பீன்ஸ் பள்ளத்தோரம் அடுப்பேறியது. ருபெர்த்தோ கோட்டைக் கழற்றாமலே பாறை உடைத்தார். இருட்டுமுன் பாறை பிளந்தது. மூன்றாம் நாள், சரிவில் கடைசியாய் இருந்த ஹசிந்தாவின் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. நாலாம் நாள்தான் மழை. ஆண்டவர் ஒருநாள் பொறுத்தார் என்றே இன்றும் அவள் சொல்வாள்.

அடுத்த வருடம் அவள் புருஷனிடம் புறப்பட்டபோது, ஒனேசிமோ களிமண் கையோடு பேருந்துக்கு ஓடி வந்தார். அவள் ஜன்னலைத் திறந்தாள். அவர் ஜன்னலருகே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"தங்கச்சி, குழாய இறுக்கி மூடிட்டுத்தானே வந்தே?"